மூலமும் உரையும்

நன்னூல் கற்கப் புகும் மாணவன் எவனும் முதல் நாளிலேயே, "ஐயா, நான் புதிய இலக்கணம் ஒன்று செய்யப் போகிறேன்" என்று கூறுவதில்லை. கணினி கற்பாரிடையே அத்தகைய ஆசை பெருவழக்கு.

என்னிடம் தமிழ் பயின்று, இப்போது பல்கலைக்கழகத்திற் கணினி பயிலும் மாணவன் ஒருவன், இறுதியாண்டுச் செயற்றிட்டமாகப் பணிசெயல் முறைமை ஒன்றையே ஆக்க எண்ணினான். கணினியின் உறுப்புக்களையும், அதில் ஓடும் செய்நிரல்களையும் ஒழுங்குபடுத்தி ஆளும் அடிப்படைச் செய்நிரலே பணிசெயல் முறைமை. அவனுக்குள்ள காலமோ எட்டு மாதம். "திறந்த மூலமாகவே வெளியிடுவேன்" என்றான். மூலம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. "மூலம் உண்டெனின் உரையும் உண்டோ?" என்றேன். உண்டு என்றான். அவன் தந்தவற்றைப் படித்தேன்.

அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ் என்பார், யுனிக்ஸ் என்னும் முறைமையின் ஆறாம் பதிப்புக்குத் தம் மாணவர் பொருட்டு உரை கண்டார். அது 1977 அளவில் நிறைவெய்தியது. மூலம் பதினாயிரம் வரிக்கு உட்பட்டது; ஒருவர் கற்று முடிக்கத்தக்கது. 1979 இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமவிதி, மூலத்தை வகுப்பிற் கற்பித்தலைத் தடுத்தது. லயன்ஸின் உரை நிழற்படிகளாகக் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. 1996 இலேயே யாவரும் வாங்கும் நூலாயிற்று. ஏடு பெயர்த்தெழுதிக் கற்ற மரபினராகிய நமக்கு இக்கதை புதிதன்று.

அத்தடையை வெல்ல, அம்ஸ்ரடாமில் ஆசிரியராயிருந்த அன்றூ ரனன்போம் மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைத் தாமே எழுதி, 1987 இல் மூலத்தோடு பாடநூலாக்கினார். அதனைக் கற்றவர் பின்லாந்தின் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். வீட்டுக் கணினியிலிருந்து பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள அவர் எழுதிய சிறு செய்நிரல் வளர்ந்து, 1991 இல் லினக்ஸ் ஆயிற்று. உரை கற்றவரே நூல் செய்தார். அதுவும் ஒரு தேவையிலிருந்தே தொடங்கினார்.

லினக்ஸின் மூலம் இன்று மூன்று கோடி வரிக்கு மேற்பட்டது. எட்டு மாதத்தில் அதற்கு நிகர் செய்தல் ஆகாது. ஆயின் ஆகும் வழி ஒன்றுண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார், அவ்வாறாம் பதிப்பை இக்காலக் கணினிக்கேற்ப 2006 இல் திருப்பியெழுதி, எக்ஸ்வீ-6 எனப் பெயரிட்டு, உரையோடு யாவர்க்கும் திறந்து வைத்துள்ளனர். அதில், ஓடும் செய்நிரல் ஒன்று தன்னைப்போல் இன்னொன்றைத் தோற்றுவிக்கும்போது, அதன் நினைவகப் பகுதி உடனே படியெடுக்கப்படுகிறது. இரண்டும் ஒரே படியைப் பொதுவாகக் கொண்டிருக்க, ஒன்று எழுதப் புகும்போது மட்டும் அப்பக்கத்தைப் படியெடுக்குமாறு அமைத்தல் அங்கு மாணவர்க்கு அளிக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று. முதலில் அதனைச் செய்க. பின்பு, தான் கண்ட குறையொன்றைத் தானே தெரிந்து திருத்துக. திருத்தத்தின் முன்னும் பின்னும் நேரத்தை அளந்து காட்டுக. செய்ததற்கு உரையும் எழுதுக. அதுவே செயற்றிட்டம்.

பிறர் மூலத்திற் சிறு திருத்தம் செய்தல் பெருமையாகுமோ எனச் சிலர் வினாவுவர். பாடபேதம் ஒன்றைத் தீர்ப்பவன் ஒரு சொல்லையே மாற்றுகிறான். அச்சொல்லை மாற்ற நூல் முழுவதையும் அறிந்திருத்தல் வேண்டும். முடியாத பெருநூலினும் முடிந்த சிறுதிருத்தம், பின் வருவார்க்குப் பயன் தரும்.