படவில்லைகளில் திகதியும் நேரமும்

காலங் குறியாத ஆவணம் ஆராய்வார்க்கு முழுப்பயன் அளித்தல் அரிது. கல்வெட்டாயினும் கடிதமாயினும் அது தோன்றிய நாள் தெரிந்தவிடத்தே அதன் பொருள் நன்கு விளங்கும். ஏட்டின் இடத்தைக் கணினித்திரை பெற்றுள்ள இக்காலத்தும் இவ்வுண்மை மாறிற்றில்லை. ஆயின், கையால் எழுதிய திகதி எழுதியவாறே நிற்கும். கணினி இடுந் திகதியோ சிலபோது தானே மாறும். இவ்வேறுபாட்டை அறியாதார் தம் ஆவணங்களின் காலச்சான்றைத் தாமே இழப்பர். ஆதலின், நிகழ்த்துகை மென்பொருளில் திகதியும் நேரமும் அமையும் முறை ஆராயத்தக்கதாகும்.

விரிவுரைக்குத் துணையாகப் படவில்லைகளை ஆக்கும் மென்பொருள்களுட் பெரிதும் வழங்குவது பவர்பொயின்ற் ஆகும். றொபேட் காஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்ரின் முதலியோரின் முயற்சியால் உருவாகிய இது, 1987 ஆம் ஆண்டில் மக்கின்ரோஷ் கணினிக்கென வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் உடைமையும் ஆயிற்று. இதன்கண் படவில்லையின் அடிப்பகுதியில் திகதி, அடிக்குறிப்பு, படவில்லை எண் என்னும் மூன்றற்கும் இடம் வகுக்கப்பட்டுள்ளது. திகதியை இடுவார்க்கு வழிகள் இரண்டு உள. ஒன்று நிலைத்த திகதி. மற்றையது தானே புதுப்பிக்கப்படுந் திகதி. லிபர் ஒபிஸ் தொகுதியின் இம்பிறெஸ் என்னும் மென்பொருளிலும் இவ்விரு வகைகளும் காணப்படும்.

நிலைத்த திகதி, ஆக்கியோன் எழுதிய சொற்களாகவே கோப்பிற் சேமிக்கப்படும். மற்றையதன் இயல்பு வேறு. அதன்கண் ஒரு நாளன்று, ஒரு கட்டளையே முதன்மையாகச் சேமிக்கப்படுகின்றது. 2006 இல் எக்மா தரமாகவும், 2008 இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் வெளியிடப்பட்ட கோப்பமைப்பில் இக்கட்டளைக்கு 1 முதல் 13 வரை எண்ணிட்ட வடிவங்கள் உள. அவற்றுட் சில திகதியையும், சில நேரத்தையும், சில இரண்டனையும் காட்டும். கோப்புத் திறக்கப்படும்போது, மென்பொருள் அக்கணினியின் கடிகாரத்தை நோக்கி அன்றைய நாளை அவ்வடிவத்தில் இடும். ஆதலின், 2019 இல் நிகழ்ந்த விரிவுரையின் கோப்பை 2025 இல் திறப்பவன் 2025 ஆம் ஆண்டுத் திகதியையே காண்பான். ஒரு கருத்தை முதலிற் கூறியவர் யாவர், ஒரு தீர்மானம் எந்நாளில் முன்வைக்கப்பட்டது என்னும் வினாக்கள் எழுமிடத்து அத்திகதி சான்றாகாது, பொய்ச்சான்றுமாகும். நாடோறும் பயன்படும் பொதுமாதிரிப் படவில்லைக்குப் புதுப்பிக்கப்படுந் திகதி ஏற்றது. கூட்டவறிக்கை, ஆய்வுரை என்பவற்றிற்கு நிலைத்த திகதியே தக்கது.

இனி, வடிவம் பற்றிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. 03/04/2025 என்பது பிரித்தானிய வழக்கில் ஏப்பிரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. திகதியின் மொழி எதுவெனத் தெரிவு செய்கின்றமைக்கேற்ப மென்பொருள் காட்டும் வடிவங்களும் வேறுபடும். நாளெண் 12 இற்கு மேற்படின் மயக்கம் தானே நீங்கும். மேற்படாதவிடத்துப் படிப்போன் பிழைபட்டதை உணர்தற்கும் வழியில்லை. இதனை நீக்க 1988 இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னுந் தரம் ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கை வகுத்து, 2025-04-03 என எழுதுமாறு விதித்தது. கோப்பின் பெயரிலும் இவ்வொழுங்கைக் கையாளின், பெயர்வரிசையே காலவரிசையாகவும் அமையும். மக்கள் படித்தற்குரிய படவில்லையிலோ மாதத்தைச் சொல்லால் எழுதுதலே எளிய வழியாம்.

நேரத்திற்கும் இத்தகைய தெளிவு வேண்டும். 12 மணிக்கு மு.ப., பி.ப. என்னுங் குறிகளை இடுதல் மயக்கந் தரும். நண்பகல், நள்ளிரவு என்றாதல், 24 மணி முறையில் 12:00, 00:00 என்றாதல் எழுதுதல் நன்று. பிறநாட்டாரும் காணும் அறிவித்தலில் எந்நாட்டு நேரம் என்பதும் இன்றியமையாதது. இலங்கையில் பி.ப. 7.00 மணியாகும்போது இலண்டனிற் குளிர்காலத்தில் பி.ப. 1.30, கோடையில் பி.ப. 2.30. இலங்கையிலுமே நியம நேரம் 1996 இல் இருமுறை மாற்றப்பெற்று, 2006 ஏப்பிரலில் மீண்டும் உலகப்பொது நேரத்திற்கு 5½ மணி முற்பட்டதாயிற்று. ஆகவே, பழைய பதிவுகளை ஒப்பிடுவோர் இம்மாற்றங்களையுங் கருதுதல் வேண்டும்.

திகதியிடுதல் படவில்லைக்கு அழகு செய்யும் வினை மாத்திரமன்று. பின்வருவார்க்கு உண்மையை ஒப்படைக்கும் வினையுமாகும். கடிகாரத்தைக் கணினி அறியும். எந்த நாள் நினைவில் நிற்கவேண்டும் என்பதை ஆக்கியோனே அறிவான். அத்தெரிவை மென்பொருளிடம் விட்டுவிடாது தானே செய்தல் கற்றோன் கடனாகும்.