உப்பைத் தூவினால் மழை வருமா?

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் சில வாரங்கள் மழை இல்லையென்றால் போதும், காப்பிக்கடையில் ஒரே பேச்சுதான்: "ஆகாயப் படை விமானத்தை அனுப்பி மழையைப் பெய்ய வைக்கக்கூடாதா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. பினாங்கு மாநிலக் குழாய்நீருக்கான ஆற்றுநீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதை எடுக்கும் லஹார் தியாங் நமக்குப் பக்கத்து இடம். 2016 ஏப்ரலில் எல் நினோ வெப்பம் தாங்காமல் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கெடாவின் சில பகுதிகளிலும் பெர்லிசிலும் பள்ளிகளையே தற்காலிகமாக மூடினார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் நீலவானத்தில் எதைத் தூவினாலும் ஒரு சொட்டும் விழாது. மேகம் இருக்க வேண்டும்; அதுவும் வளர்ந்து வரும் மேகமாக இருக்க வேண்டும். மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் மிக நுண்ணியவை. ஏறக்குறைய பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது நம் வீட்டு உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். மேகத்துக்குள் தூவிய உப்பும் அப்படியே ஈரத்தை இழுத்துப் பெரிய துளியாகிறது. பெரிய துளி கீழிறங்கும்போது சிறு துளிகளோடு மோதி, அவற்றையும் சேர்த்துக்கொண்டு மழையாகிறது. நம் நாட்டில் வானிலை ஆய்வுத் துறையும் ஆகாயப் படையும் சி-130 விமானத்தில் உப்புக் கரைசலை ஏற்றிச் சென்று தெளிப்பது இதற்காகத்தான்.

1946இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேபர் விமானத்திலிருந்து தூவியது உலர்பனிக்கட்டி. அடுத்து வந்தது சில்வர் அயோடைடு. இவை இரண்டும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மேகங்களுக்கு உரியவை. நம் வானத்தில் அந்தக் குளிர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல்தான் தொடங்கும்.

சரி, விமானம் போனது, மறுநாள் மழை பெய்தது. விமானத்தால்தான் பெய்ததா? தானாகவே பெய்திருக்குமா? இந்தத் துறையின் தலைவலியே இதுதான். தமிழ்நாட்டில் 1983 முதல் 1987 வரையிலும், மீண்டும் 1993-94லும் வறட்சிக்காக மேகங்களில் தூவினார்கள். ஆனால், வறட்சியைப் போக்கப் போகிறவர்கள் கண்ட மேகத்திலெல்லாம் தூவத்தான் பார்ப்பார்கள். பாதியைத் தொடாமல் விட்டு ஒப்பிட மனம் வராது. ஆய்வு அப்படியல்ல. நாணயம் சுண்டிப் பார்ப்பது போல, எந்த மேகத்துக்குத் தூவுவது, எதை விட்டுவிடுவது என்று குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம், 2018, 2019ஆம் ஆண்டுகளில் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில் இந்த முறையில் ஆராய்ந்தது. விமான இறக்கையில் பொருத்திய கால்சியம் குளோரைடு குழல்களை மேகத்தின் அடியில் எரித்தார்கள். காற்று போகும் திசையில், சுமார் 100 சதுர கிலோமீட்டரில் சராசரியாக 18 விழுக்காடு கூடுதல் மழை கிடைத்தது. சில இடங்களில் அது 46 விழுக்காடு வரை போனது.

இஸ்ரேலில் கதை வேறு. பல ஆண்டுகள் மேகத்தில் தூவி வந்த நாடு அது. 2013 முதல் 2020 வரை நடத்திய ஆய்வில் தெரிந்த கூடுதல் 2 விழுக்காடுகூட இல்லை. அதையும் தற்செயல் அல்ல என்று உறுதி செய்ய முடியவில்லை. அதன்பின் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். மேகத்துக்கு மேகம், நாட்டுக்கு நாடு பலன் மாறுகிறது.

18 விழுக்காடு என்பதையும் கணக்காகப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் 118 ஆகும். மழையே இல்லாத மாதத்தில் பூஜ்யத்தோடு 18 விழுக்காட்டைக் கூட்டினாலும் பூஜ்யம்தான். ஆகவே கடும் வறட்சியில் தூவுவதைவிட, மேகம் இருக்கும் மாதத்தில் தூவி அணையில் சேர்ப்பதே பலன் தரும் என்பது என் கருத்து.

மழை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். கெப்பாலா பத்தாஸ் வயலில் விழும் மழை லஹார் தியாங்குக்கு உதவாது. அறுவடை நேரமென்றால் நெல்லைச் சாய்த்துவிடும். நம் குழாய்க்கு வர வேண்டுமானால் அது ஆற்றின் மேற்பகுதியில், கெடாவின் ஊலு மூடா காட்டிலும் சீக் வட்டாரத்தில் உள்ள பெரிஸ் அணையின் பக்கமும் பெய்ய வேண்டும். விமானம் புறப்பட்டது என்று செய்தி வந்தால், எந்த இடத்து மேகத்துக்குப் போனது என்று கேளுங்கள்.