குதிரைக்கு ஒரு கம்பளி

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தையிலே ஆசையோடு குதிரை வாங்கிப் பல்லடம் திரும்புவோருக்கு, மார்கழிப் பனி வந்த பிறகுதான் போர்வையின் ஞாபகம் வருகிறது. நெசவுக்குப் பெயர்போன ஊரில் துணிக்கா பஞ்சம்? ஆனால், வெட்டவெளியில் நிற்கும் பிராணிக்குப் பருத்திப் போர்வை மலிவாயினும் உதவாது. பனியில் நனைந்து உடம்புச் சூட்டைக் கவர்ந்துவிடும். குறும்பர் ஆட்டுரோமத்தால் நெய்துவந்த முரட்டுக் கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு கதகதப்புத் தரும். கிழிந்தால் ஒட்டுப்போட்டு உழைக்கவிடலாம். சீமைச் சரக்கு எதற்கு? நடுமார்பிலிருந்து விலாப்புறமாக வாலடிவரை அளந்து வாங்குக. இறுக்கமானது தோளை உராய்ந்து புண்ணாக்கும். நம்மைப்போல் இழுத்துச் சரிசெய்துகொள்ளக் குதிரைக்குக் கை ஏது? வியர்த்து வந்ததை உலர்த்தாமல் போர்த்துவதும் தவறு. ரோமம் அடர்ந்த கொழுத்த குதிரைக்கு நம் கொங்குநாட்டுக் குளிர் ஒரு பொருட்டல்ல. கையில் காசு ஒன்றுக்கே இருந்தால், கிழடுக்கோ மெலிந்ததற்கோ வாங்குக.