நாலரை மணிக்குக் கதவைப் பிறாண்டும் பூனை

டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் பூனை எத்தனை மணிக்குக் கதவைப் பிறாண்டுகிறது? நீங்கள் படுக்கப் போய்க் கதவைச் சாத்திய கையோடா, நடு ராத்திரியிலா, விடியற்காலை நாலு, நாலரைக்கா? கேட்டால் முக்கால்வாசிப் பேர் ‘ராத்திரி பூராவும்’ என்பார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஓர் இரவு கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

மீதிப் பாதி கதவில் இருக்கிறது. குனிந்து பாருங்கள். கீறல்கள் முழங்கால் உயரத்துக்குமேல் தொடங்கி நீளநீளமாகக் கீழே இறங்கியிருந்தால், பூனை பின்னங்காலில் எழுந்து நின்று, முதுகை முறித்து நகம் தீட்டியிருக்கிறது. நகத்தின் மேலுறை பழசானதும் கழன்று விழ வேண்டும். வீடு பெருக்கும்போது பிறை வடிவத்தில் பொறுக்குகிறோமே, அதுதான். கூடவே, பாதத்தில் உள்ள சுரப்பிகள் நம் மூக்குக்கு எட்டாத ஒரு வாசனையை அங்கே பூசிவிட்டுப் போகும். இது என் இடம் என்று அது போடும் கையெழுத்து. இதைப் பகலிலும் செய்யும்.

கீறல்கள் எல்லாம் கதவின் அடி விளிம்பில், குட்டையாக, ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் சங்கதி வேறு. அங்கே அது தோண்டியிருக்கிறது. கதவிடுக்கில் ஒரு கையை விட்டு அந்தப் பக்கம் துழாவியும் இருக்கும். அதற்கு நகத்தைப் பற்றிய கவலை இல்லை, உள்ளே வர வேண்டும் அல்லது நீங்கள் வெளியே வர வேண்டும்.

முதல் வகைக்கு வைத்தியம் சுலபம். வாசலில் கிடக்கும் தேங்காய் நார்க் கால்மிதியை அது எவ்வளவு ஆசையாகக் கிழிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அந்த நார்க் கயிற்றையே ஒரு பலகையில் நெருக்கமாகச் சுற்றிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கிவிடுங்கள். மூன்றடி உயரமாவது வேண்டும், உடம்பை முழுசாக நீட்ட இடம் இருக்க வேண்டும், கொஞ்சம்கூட ஆடக் கூடாது. கடையில் விற்கும் ஒன்றரையடிக் கம்பம் குட்டிகளுக்குத்தான் லாயக்கு. வளர்ந்த பூனை ஒரு தடவை இழுத்ததும் சாய்ந்துவிடும், அப்புறம் அது அந்தப் பக்கமே போகாது. பால்கனி மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு ‘சீந்தவே மாட்டேங்குது’ என்றும் சொல்லாதீர்கள். கையெழுத்தை யாராவது மூலையிலா போடுவார்கள்?

இரண்டாவது வகைதான் தூக்கத்தைக் கெடுப்பது. பூனை ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பிராணி என்பது சரியில்லை. அந்தியும் விடியலும்தான் அதன் வேட்டை நேரம். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையிடமிருந்து வந்த சுபாவம் அது. ஒரு நாளில் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் தூங்கும். நீங்கள் ஆபீஸ் போனதும் தூங்கத் தொடங்கி, சாயங்காலம் நீங்கள் வரும்போது தெளிவாக எழுந்து நிற்கும். நீங்களோ களைத்துப்போய் போனை எடுத்துக்கொண்டு உட்கார்வீர்கள். பதினோரு மணிக்கு ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்துவீர்கள். பகலெல்லாம் தன் இஷ்டத்துக்குப் போய்வந்த அறை திடீரென்று இல்லை. கதவடியில் குளிர்காற்று வேறு கசிகிறது. நாலரைக்கு அதற்குப் பொழுது விடிகிறது, வயிறும் காலி.

இந்த இடத்தில் நீங்கள் செய்வதைச் சொல்லட்டுமா? இரண்டு நாள் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்திருப்பீர்கள். மூன்றாம் நாள் எழுந்துபோய்த் திட்டுவீர்கள், இல்லையென்றால் ஒரு கைப்பிடி உணவைப் போட்டுவிட்டு வந்து படுப்பீர்கள். பூனையின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: காலிங் பெல் அடித்தது, ஆள் வந்தாயிற்று. எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட, எப்போதாவது பலன் தரும் பழக்கம்தான் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைக் காட்டினார். பூனை வளர்ப்பவர்கள் தினமும் நிரூபிக்கிறார்கள்.

ஆகவே கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரக் கூடாது. திட்டு, ‘உஸ்’, கட்டில் கிறீச்சிடுவது எதுவும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் சில இரவுகளில் பிறாண்டல் குறையாது, கூடும். வழக்கமாக வேலை செய்த பெல் இன்று ஏன் வேலை செய்யவில்லை என்று இன்னும் அழுத்தி அடிக்கும். அப்போது மனம் இளகி எழுந்தீர்களோ, ஒரு மணி நேரம் பிறாண்டினால் கதவு திறக்கும் என்று நீங்களே பாடம் நடத்தியதாக ஆகிவிடும்.

வெறுமனே கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் போதாது, கொடுமையும்கூட. சாயங்காலத்தை மாற்றுங்கள். படுக்கப் போகுமுன் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு குச்சியில் கயிறும் இறகும் கட்டி இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். பதுங்கட்டும், பாயட்டும், கடைசியில் கட்டாயம் பிடிக்கட்டும். பிடித்ததும் சாப்பாடு. வேட்டையாடி, தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவது பூனையின் இயல்பான வரிசை. ஏழு மணிக்கு வைக்கும் இரவுச் சாப்பாட்டைப் பத்தரைக்குத் தள்ளினாலே நல்ல மாற்றம் தெரியும். லேசர் விளக்கில் பிடிக்க ஒன்றுமில்லை, அது வெறியேற்றத்தான் உதவும். விளையாடிய கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கும்.

காலையில் எழுந்ததும் கிண்ணத்தை நோக்கி ஓடாதீர்கள். பல் துலக்கி, காப்பி போட்டு, அப்புறம் வையுங்கள். விடியற்காலைப் பசிதான் பிரச்சினை என்றால், நேரம் வைத்தால் தானே திறக்கும் உணவுப் பெட்டி கிடைக்கிறது. பிறகு பூனை போய் நச்சரிப்பது பெட்டியைத்தான்.

கதவை என்ன செய்வது? என்னைக் கேட்டால், அலர்ஜி இல்லாத வீட்டில் திறந்தே வைக்கலாம். பூனை காலடியில் சுருண்டு தூங்கிவிடும், கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள். சாத்துவதென்றால் எல்லா நாளும் சாத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சலுகை கூடாது. வெளியே தண்ணீர், மலத் தொட்டி, நீங்கள் போர்த்திய பழைய போர்வை ஒன்று இருக்கட்டும். கதவின் அடிப்பாகத்தில் வழவழப்பான அக்ரிலிக் தகடு ஒட்டினால் நகம் பிடிக்காது. வாடகை வீட்டில் இது அட்வான்ஸையும் காப்பாற்றும்.

நம் வீடுகளில் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்: கதவடியில் அந்துருண்டை போடுவது, பினாயிலோ நீலகிரித் தைலமோ தடவுவது. இவை பூனைக்கு நஞ்சு. பீனால் போன்ற பொருள்களை மாற்றிக் கழிக்கும் திறன் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கியே உள்ளே அனுப்பிவிடும். ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இதே காரணம்தான். நகத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த அறுவையில் போவது நகம் மட்டுமில்லை, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும்.

கருத்தடை செய்யாத பூனை என்றால் இத்தனையும் அப்புறம், முதலில் அதைச் செய்யுங்கள். இணை தேடும் பூனையை எந்தப் பயிற்சியும் அடக்காது. பத்து வயது தாண்டிய பூனை திடீரென்று இரவில் கத்தவும் பிறாண்டவும் தொடங்கினால் தைராய்டு, ரத்த அழுத்தம் இரண்டையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

மற்றபடி, இரண்டு மூன்று வாரம் விட்டுக்கொடுக்காமல் நின்றால் பெரும்பாலான பூனைகள் வழிக்கு வந்துவிடும். ஆசாரியை அதற்கப்புறம் கூப்பிடுங்கள். இப்போதே கதவை இழைத்து வார்னிஷ் அடித்தால் காசுதான் தண்டம்.