பள்ளி நூலகமும் நூலகத் தந்தையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

மதுரை என்றதும் சங்கமும் தமிழும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் இந்நகரில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, பாண்டியன் புத்தகசாலை என்னும் நூலகத்தையும் அதனோடு சேர்த்தே அமைத்தார். புலவர் பெருமக்கள் அதனால் பெரும்பயன் கொண்டனர். 2023ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இதே மதுரையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட அக்கட்டடத்தில் சிறுவர்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. உசிலம்பட்டிச் சிறுவனும் மேலூர்ச் சிறுமியும் உள்ளே சென்று, தம் கையாலேயே நூலை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம்.

புலவருக்கு உரியது என்று கருதப்பட்ட நூல், எல்லார்க்கும் உரியதாக எப்படி ஆயிற்று? இம்மாற்றத்திற்காக உழைத்தோர் பலர். அவர்களுள் தலையாயவர் கணித ஆசிரியர் ஒருவர் என்பது, கணிதம் பயிலும் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவரே 'இந்திய நூலகவியலின் தந்தை' எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன். பல்கலைக்கழக நூலகர் என்றே அவரைப் பலரும் அறிவர். பள்ளி நூலகத்திற்காக அவர் எண்ணியதும் எழுதியதும் அந்த அளவிற்கு அறியப்படவில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணித ஆசிரியர் நூலகர் ஆனார்

இரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்கலும் இருந்தது. சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ., எம்.ஏ. பட்டங்களைப் பெற்றார். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவர் தாமே நூல்களைத் தேடிப் படித்து, வினாவெழுப்பிக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அவர் அமர்த்தப்பட்டார். அதற்குமுன் நூலக வேலையில் அவருக்குப் பழக்கம் இல்லை. வகுப்பறையின் கலகலப்பிலே வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை பொறுக்க முடியாததாயிற்று. சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரிக்குச் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராகவே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினர். அப்பயணமே அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது.

இலண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும் வாய்த்தார். ஏறத்தாழ நூறு நூலகங்களை இரங்கநாதன் நேரில் கண்டார். அங்கெல்லாம் தொழிலாளியும் இல்லத்தரசியும் குழந்தையும் நூலகத்தைத் தம் சொந்த உடைமை போலப் பயன்படுத்தக் கண்டார். நூலகமும் ஒரு வகுப்பறையே என்பதும், வயது வேறுபாடின்றி ஊர் முழுவதும் அமர்ந்து படிக்கும் வகுப்பறை அது என்பதும் அவருக்கு விளங்கின. 1925இல் நாடு திரும்பியவர் பிறகு ஆசிரியர் வேலையைக் கேட்கவே இல்லை.

ஐந்து விதிகள்

யூக்ளிட் சில வெளிப்படை உண்மைகளை மட்டும் வைத்துக்கொண்டு வடிவியல் முழுவதையும் கட்டியெழுப்பினார் அல்லவா? அதுபோல நூலகப் பணி முழுவதற்கும் அடிப்படையான சில உண்மைகள் இருக்க வேண்டும் என்று இரங்கநாதன் கருதினார். 1928ஆம் ஆண்டில் இச்சிந்தனையிலேயே அவர் மூழ்கியிருந்தார். அப்போது கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு ராஸ் அங்கே வந்தார். நூல் இருப்பது பயன்படுவதற்காகத்தானே என்னும் பொருள்பட அவர் கூறிய ஒரு சொல், முடிச்சை அவிழ்த்துவிட்டது. ஏனைய நான்கு விதிகளும் அதிலிருந்தே பிறந்தன. 1931இல் அவை நூலாக வெளிவந்தன.

அவற்றை என் சொற்களில் கூறுகிறேன். முதல் விதி, நூலின் பயன் படிக்கப்படுவதே என்பது. இரண்டாவது, படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைத்தாக வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பது. ஐந்தாவது, நூலகம் உயிருள்ள ஒன்றைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது.

'இவ்வளவுதானா? இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே!' என்று தோன்றலாம். ஆனால் இவ்விதிகளை ஒரு பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். முதல் விதியின்படி பீரோவைப் பூட்டி வைக்க இயலாது. இரண்டாம் விதியின்படி, ஆறாம் வகுப்பு மாணவனுக்கென்றும் நூல் வாங்கியாக வேண்டும். ஆசிரியர்க்கான நூல்கள் மட்டும் போதா. மூன்றாம் விதியின்படி, எவரும் தொடாத நூலை எடுத்துக்காட்டி அறிமுகம் செய்ய ஓர் ஆள் வேண்டும். நான்காம் விதியின்படி, நூல் எங்கே இருக்கிறது என்பது நொடியில் தெரிய வேண்டும். ஐந்தாம் விதியின்படி, ஆண்டுதோறும் புது நூலும் அதை வைக்க இடமும் வேண்டும். எளிய சொற்களுக்குள் எத்துணைக் கடமைகள்!

நூலுக்கு ஒரு முகவரி

நான்காம் விதியை நிறைவேற்றும் கருவியே நூற்பகுப்பு. நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண், தபால்காரருக்கு வீட்டு முகவரி உதவுவது போல நமக்கு உதவுகிறது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பில் அறிவுலகம் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் 500 அறிவியல், 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல். இதனை அறிந்த மாணவன் எந்த ஊர் நூலகத்திற்குச் சென்றாலும், அங்கு இம்முறை இருக்குமாயின், எவரையும் கேளாமல் தன் பாடநூல் இருக்கும் அடுக்கின்முன் போய் நிற்கலாம்.

ஆயினும் முன்கூட்டியே வகுத்த பெட்டிகளுக்குள் புதுப் பொருள்களை அடைப்பது கடினம் என்பதை இரங்கநாதன் உணர்ந்தார். இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். துளையிட்ட சில தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றி இணைத்துப் பாலமும் வண்டியும் பளுதூக்கியும் அமைத்துக் காட்டினர். நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து இணைத்தால் என்ன என்னும் எண்ணம் அங்கே உதித்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அதன் விளைவே.

நம் வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் விளையும் நெல்லுக்கு வரும் நோயைத் தடுப்பது பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். வேளாண்மை என்பது துறை. நெல் என்பது மையப் பொருள். நோயும் தடுப்பும் அதன்பால் நிகழும் செயல்கள். இடம் ஒரு கூறு. காலம் இன்னொரு கூறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு இட்டு, இடையிடையே நிறுத்தற் குறிகளை வைத்து இணைத்துவிட்டால், அந்நூலுக்கென ஓர் எண் கிடைத்துவிடும். நாளையே நெல்லுக்குப் பதில் கரும்பைப் பற்றி நூல் வந்தால் ஒரு கூறினை மாற்றினால் போதும். நம் வகுப்பில் காரணிப்படுத்தலைக் கற்கிறோம் அல்லவா? ஒரு கோவையைக் காரணிகளாகப் பிரிக்கும் அதே மனம் இங்கே நூலைப் பிரித்துப் பார்க்கிறது.

ஆசிரியரைத் தேடிச் சென்றவர்

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளை அவர் வாசகர்க்குத் திறந்துவிட்டார். நூலக நேரத்தையும் நீட்டினார். எனினும் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் மாணவன் பள்ளியிலேயே நூலைத் தொட்டுப் பழகாதிருந்தால் திறந்த அடுக்கினால் பயன் என்ன? ஆகவே அவர் பள்ளி ஆசிரியர்களைத் தேடிச் சென்றார். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலாளராக இருந்து, 1929இல் நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி வைத்தார். 1931இல் அப்பள்ளியைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர் ஊராகச் சென்றது. கிராமத்தான் நூலைத் தேடி வரும்வரை காத்திராமல் நூலே கிராமத்தைத் தேடிச் சென்ற காட்சி அது.

பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் இரங்கநாதன் ஒரு தனி நூல் எழுதினார். பின்னர் காசி, டெல்லி, சூரிச், உஜ்ஜயினி, பெங்களூர் என அவர் பணி விரிந்தது. 1957இல் பத்மஸ்ரீ பட்டமும் 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பும் கிடைத்தன. ஆனாலும் பள்ளிக் குழந்தையை அவர் மறந்தாரில்லை. 1972 செப்டம்பரில் அவர் மறைந்தபின், 1973இல் வெளிவந்த அவருடைய நூலொன்றின் பொருளும் புதிய கல்வியும் பள்ளி நூலகமுமே! ஆசிரியர் ஒருவர் ஐம்பது மாணவர்க்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் ஓதும் முறைக்கு மாற்று, அவரவர் வேகத்தில் அவரவர் படிக்கும் பள்ளி நூலகம் என்பதே அவர் இறுதிவரை கொண்ட கருத்து.

சட்டமும் வரியும்

1930இல் காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை அவர் முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் இதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும், வீட்டு வரியோடு சேர்ந்த நூலக வரியும் இதனால் வந்தன.

முதலில் கல்வித் துறையின் இயக்குநரே நூலகங்களையும் சேர்த்துக் கவனித்தார். நெ. து. சுந்தரவடிவேலு அவ்வாறு இரு பொறுப்பையும் ஏற்று உழைத்தவர். 1972இல் நூலகத்திற்குத் தனி இயக்ககம் உண்டாயிற்று. அதன் முதல் இயக்குநர் வே. தில்லைநாயகம், அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சின்னமனூரில் 1925இல் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை.

என் தந்தையார் கையெழுத்திடத் தெரியாதவர். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருப்பதை நான் படித்துச் சொன்னபோதுதான், இத்தனை ஆண்டுகள் நூலகத்திற்கும் தாம் பணம் கட்டி வந்ததை அவர் அறிந்தார். தாம் படிக்க முடியாத நூலுக்கு வரி கட்டிய இலட்சக்கணக்கான உழைப்பாளிகளின் காசில் நிற்பவை நம் பொது நூலகங்கள். அவற்றை அவர்கள் பிள்ளைகளாகிய நாம் பயன்படுத்தாவிடில் வேறு யார் பயன்படுத்துவது?

பூட்டு ஏன்?

அந்த வரி பொது நூலகத்திற்கு உரியது. பள்ளி நூலகமோ பெரும்பாலும் ஆசிரியரின் மனத்தையே நம்பியிருக்கிறது. நான் பயின்ற கிராமப் பள்ளியில் நூலகம் என்பது ஓர் இரும்பு பீரோ. ஆய்வுக்கு மேலதிகாரி வரும் நாளில் மட்டும் அது திறக்கும். கண்ணாடிக் கதவின் வழியே நூல்களின் முதுகைப் படித்தே நாங்கள் பெயர்களை மனப்பாடம் செய்தோம்.

இதற்காக ஆசிரியரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் காரணத்தையும் நோக்க வேண்டும். நூல்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. மாற்றலாகிச் செல்லும்போது ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் தம் கைப்பணத்தைக் கட்ட நேருமோ என்னும் அச்சம் ஆசிரியர்க்கு உண்டு. கொடுக்காத நூல் தொலைவதில்லை. ஆகவே கொடாமையே பாதுகாப்பு ஆகிவிடுகிறது. இரங்கநாதன் இதற்கு நேர்மாறாக எண்ணினார். அடுக்கைத் திறந்தால் சில நூல்கள் கிழியும், சில தொலையும். அது பயன்பாட்டிற்கு நாம் தரும் சிறு விலை. சுண்ணாம்புக்கட்டி தேய்ந்ததென்று எந்தப் பள்ளியும் ஆசிரியரிடம் கணக்குக் கேட்பதில்லை. படித்துப் படித்துத் தேய்ந்த நூலையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஆகஸ்டு 12ஆம் நாள் இரங்கநாதன் நினைவாகத் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. படத்திற்கு மாலையிடுவதோடு அது முடிந்துவிடலாகாது. நம்மில் பலர் திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் ஆகிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து, தத்தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வரும் கோடை விடுமுறைக்கு முன் நாம் பயின்ற பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைக் கண்டு பேசலாம். நூல்களைத் துடைத்து, எண்ணிட்டு, இரவல் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, வாரத்தில் ஒரு பாடவேளை பிள்ளைகளைப் பீரோவின் முன் அமர்த்த உதவலாம். பதிவேட்டை நாமே எழுதித் தந்தால் ஆசிரியரின் அச்சமும் பாதி குறையும். நம் பேராசிரியர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் இதனை ஒரு பணியாக ஏற்று வழிநடத்துவார்களாயின், பத்து ஊர்களிலேனும் பத்து பீரோக்கள் திறக்கும். அதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஒரு சாவியும், அதைத் தர இசையும் ஒரு மனமும் இருந்தால் போதும்.