கண்ணில் படுகிறது... கம்ப்யூட்டரில் சிக்கவில்லை!

முந்நூறு பக்கத்தில் ஒரு குடும்ப வரலாறு. தாத்தாவின் டைரி, அத்தை சொன்ன கதைகள், சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்புகள் எல்லாம் ஒரே வேர்டு ஃபைலில். நாளை அச்சகத்துக்குப் போக வேண்டும். கடைசி நேரத்தில் பெரியப்பா ஒரு திருத்தம் சொல்கிறார்: “பாட்டி பேரு கோமளா இல்லப்பா, கோமளம்!”

அதற்கென்ன, ‘ரீப்ளேஸ் ஆல்’ இருக்கிறதே! ஒரே தட்டு. மாற்றிவிட்டதாகக் கம்ப்யூட்டரும் சொல்லிவிடுகிறது. புத்தகம் அச்சாகி வந்த பிறகு புரட்டினால், பாதி இடங்களில் பாட்டி இன்னும் கோமளாவாகவே இருக்கிறார்.

குடும்ப வரலாறு என்றில்லை. ஆய்வேடு, கோயில் மலர், சங்க அறிக்கை என நீளமான தமிழ் ஃபைல் எதிலும் இது நடக்கலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நாம் பார்ப்பதும் அது பார்ப்பதும் வேறு வேறு. சிக்கல் அங்கேதான்.

எழுத்து ஒன்று, எண் இரண்டு

நாம் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘கோ’ என்பதில் ‘க’வுடன் சேரும் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால், அந்த விதிப்படி தேடும் வகையில் மென்பொருள் எழுதப்படவில்லை என்றால் ஒன்றைத் தேடும்போது மற்றொன்று சிக்காது. செல்போனில் ஒருவர், லேப்டாப்பில் ஒருவர் என்று பல பேர் தட்டியதை ஒன்றுசேர்த்தால் இரண்டு வகையும் கலந்துவிட வாய்ப்பு உண்டு. கொ, கோ, கௌ வரிசைகள் மூன்றிலும் இந்தச் சிக்கல் வரும்.

‘கௌ’வில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிலர் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே தட்டிவிடுவார்கள். பார்வைக்கு ஔகாரம் போலிருக்கும். கம்ப்யூட்டருக்கு அது ‘கெ’வும் ‘ள’வும்தான். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுவதும் இதே கதை.

‘ஸ்ரீ’யும் அப்படித்தான். 2005-ல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தது. அதன் பிறகு ‘ஸ’வைக் கொண்டும், ‘ஶ’வைக் கொண்டும் ஸ்ரீ உருவாகிறது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. ஸ்ரீரங்கத்தைத் தேடினால் பாதி ஸ்ரீரங்கம்தான் கிடைக்கும்!

பழைய ஃபைலா? உஷார்!

தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் பயன்பாட்டுக்கு ஏற்றது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி. அதற்கு முன்பு பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு முறை. அந்தக் காலத்து ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டிய பகுதியில் யூனிகோடில் தட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கண்டுபிடிப்பது எளிது: சந்தேகமான பத்தியின் எழுத்துருவை ‘லதா’வுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளோ விநோதக் குறிகளோ வந்தால் அது பழைய முறை. எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்த பிறகே தேட வேண்டும். ஸ்கேன் செய்து படமாக ஒட்டிய பக்கமும் தேடலில் அகப்படாது.

மறந்துபோன ‘டிக்’

சில நேரம் குற்றவாளி தேடல் பெட்டியிலேயே ஒளிந்திருக்கும். வேர்டில் கன்ட்ரோல் + எச் தட்டி, ‘மோர்’ பொத்தானை அழுத்துங்கள். முன்பு எப்போதோ போட்ட ‘ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி’, ‘வைல்ட்கார்ட்ஸ்’ டிக்குகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். தேடும் சொல்லுக்குக் கீழே ‘போல்டு’ போன்ற குறிப்பு தெரிந்தால், தடித்த எழுத்தில் உள்ளதை மட்டுமே அது தேடும். ‘நோ ஃபார்மேட்டிங்’ அழுத்தினால் போய்விடும். தேடும் திசை ‘ஆல்’ என்று இருக்கட்டும். அடிக்குறிப்பு, தலைப்புப் பட்டை, டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவற்றை ‘ஃபைண்ட் இன்’ பட்டியலில் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தும் தேடிவிடுங்கள்.

வேற்றுமை உருபும் வேலை காட்டும்

தமிழில் சொல் நிலையாக நிற்பதில்லை. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ சிக்காது. ‘வீட்டு’, ‘வீட்டி’ என்றும் தேட வேண்டும். மாற்றும்போது ஆபத்து இன்னும் அதிகம். கோமளாவைக் கோமளமாக்கினால், ‘கோமளாவின்’ என்பது ‘கோமளம்வின்’ ஆகிவிடும்! எனவே முதலில் ‘கோமளாவின்’, ‘கோமளாவுக்கு’ போன்றவற்றை ‘கோமளத்தின்’, ‘கோமளத்துக்கு’ என்று தனித்தனியாக மாற்றிவிட்டு, வெறும் ‘கோமளா’வைக் கடைசியில் மாற்றுவதே சரி.

அச்சுக்குப் போகும் முன்

* முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

* சிக்கலான எழுத்தை விட்டுவிட்டு, சொல்லின் மிச்சத்தைத் தேடுங்கள். ‘கோமளா’வுக்குப் பதில் ‘மளா’ என்று தேடினால் இரண்டு வகை ‘கோ’வும் வந்து நிற்கும். இது பார்ப்பதற்கு மட்டும், மாற்றுவதற்கு அல்ல.

* தப்பிய சொல் கண்ணில் பட்டால், புதிதாகத் தட்டாமல் அதையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அதே வகையில் பதிவான மற்ற இடங்களும் பிடிபடும்.

* விண்டோஸ் வேர்டில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் அதன் எண் தெரியும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு இடங்களில் எண் வேறுபட்டால், வித்தியாசம் அங்கேதான்.

* இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் வகைகள் உண்டு. ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘வொயிட் ஸ்பேஸ்’ தேர்ந்தெடுத்தால் பொதுவான வகைகள் அடங்கும்.

இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் ஆகலாம். அதன் பிறகும், வீட்டில் ஒருவர் அச்சுப்படியை ஒருமுறை கண்ணால் படித்துவிடுவது நல்லது. ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று திரை சொன்னால், தட்டிய வடிவில் அது கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள். பாட்டியின் பெயர் இருபதாம் பக்கத்தில் தப்பாக இருந்தால், அது பேரன் கண்ணுக்குத்தான் உறுத்தும்.