சர்வர் ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறது

கே.ஜி.கண்டிகையில் இருக்கும் ஓர் இளைஞர், திருத்தணி விடுதிகளுக்காக அறைப் பதிவுச் சேவை ஒன்றை ஜாவாவில் எழுதி, டாம்கேட் சர்வரில் ஏற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. விடுதிக்காரர் போன் செய்கிறார்: "தம்பி, ரொம்ப மெதுவா இருக்குப்பா, என்னன்னு பாரு." எத்தனை பேர் கேட்கிறார்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எத்தனை தோற்கின்றன என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும்.

பலரும் உடனே செய்வது, சேவையின் நிரலுக்குள் தாங்களே ஓர் எண்ணியை எழுதிச் சேர்ப்பது. அது வீண் வேலை. டாம்கேட் இந்தக் கணக்கை முதல் நாளிலிருந்தே வைத்திருக்கிறது; அதைக் கேட்டு வாங்கினால் போதும்.

கேட்கும் வழியின் பெயர் ஜேஎம்எக்ஸ். 2004-இல் வந்த ஜாவா 5 முதல் அது ஜாவாவுடனேயே வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் நிலையை 'எம்பீன்' என்ற பொருள்களாக வெளியே காட்டும். டாம்கேட்டில் 'குளோபல் ரிக்வெஸ்ட் பிராசசர்' என்றொரு எம்பீன் உண்டு. மொத்தக் கோரிக்கைகள், பிழைகள், செலவான மில்லிவினாடிகள், மிக நீண்ட ஒரு கோரிக்கைக்கு ஆன நேரம் ஆகிய நான்கும் அதில் கிடைக்கும். ஜேஎம்எக்ஸ் இணைப்பைத் திறந்து, எம்பீனின் பெயரைச் சொல்லி, வேண்டிய பண்பைக் கேட்கும் ஜாவா நிரல் சில வரிகளில் முடிந்துவிடும். பைத்தான் போன்ற வேறு மொழியில் எழுதுகிறவர்கள் ஜொலோகியாவைச் சேர்த்துக்கொண்டால், அதே எண்கள் எச்டிடிபி வழியே ஜேசான் வடிவில் வரும்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இவை மின்மீட்டர் போல ஏறிக்கொண்டே போகும் எண்கள். இந்தமுறை எடுத்த அளவிலிருந்து போனமுறை எடுத்ததைக் கழித்தால்தான் பயன்பாடு தெரியும். ஓர் உதாரணம் பார்ப்போம். காலை 10:00 மணிக்கு 48,200 கோரிக்கைகள், 38,56,000 மில்லிவினாடிகள்; சராசரி 80. ஐந்து நிமிடம் கழித்து 49,400 கோரிக்கைகள், 42,16,000 மில்லிவினாடிகள், சராசரி 85. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். கழித்துப் பாருங்கள்: அந்த ஐந்து நிமிடத்தில் வந்தவை 1,200 கோரிக்கைகள், செலவானவை 3,60,000 மில்லிவினாடிகள். ஒவ்வொன்றுக்கும் 300! சேவை ஏறக்குறைய நான்கு மடங்கு மெதுவாகியிருக்கிறது. விடுதிக்காரர் சொன்னது சரி. மொத்தச் சராசரி அதை மறைத்துவிட்டது.

சர்வரை நிறுத்தித் தொடங்கினால் எல்லா எண்களும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே எடுக்கும் அளவுகளை நேரத்தோடு வேறிடத்தில் சேமிக்க வேண்டும். கழித்து வரும் விடை எதிர்மறையானால், இடையில் சர்வர் மறுதொடக்கம் கண்டிருக்கிறது என்று பொருள்.

சோப் முறையில் எழுதிய சேவைக்கு இது போதாது. 'அறை இருக்கிறதா', 'பதிவு செய்', 'ரத்து செய்' என்ற மூன்று செயல்பாடுகளும் ஒரே சர்வ்லெட் வழியாகத்தான் நுழைகின்றன. டாம்கேட்டுக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் பயன்படுத்துகிறவர்கள் அதிலுள்ள 'கவுன்டர் ரெபாசிட்டரி'யை இயக்கினால் செயல்பாடு வாரியாகக் கணக்கு வரும். இயல்பாக அது அணைந்திருக்கும். நாம்தான் இயக்க வேண்டும்.

இணையச் சேவைத் துறையில் நம் பக்கத்து நாடான இலங்கைக்கு நல்ல பங்குண்டு. இணையச் சேவைகளை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் 1.1 ஆவணத்தை 2001-இல் எழுதிய நால்வரில் ஒருவர் இலங்கையரான சஞ்சீவ வீரவரண. 2005-இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்பாச்சி ஆக்சிஸ்2-வின் மீது எழுந்த அந்நிறுவனத்தின் கார்பன் தளத்தில் நிர்வாக வேலைகளே இணையச் சேவைகளாக இருக்கின்றன. 'ஸ்டாடிஸ்டிக்ஸ் அட்மின்' என்ற சேவையை அழைத்தால் குறிப்பிட்ட ஒரு சேவைக்கு வந்த கோரிக்கைகளும் தவறுகளும் சராசரி நேரமும் பதிலாக வரும். சேவையின் கணக்கையும் ஒரு சேவையாகவே தரும் இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இன்று ஸ்பிரிங் பூட்டில் எழுதுகிறவர்களுக்கு 'ஆக்சுவேட்டர்' இதே வேலையைச் செய்கிறது.

பிழை எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள். எச்டிடிபி நிலைக் குறியீடு 400 அல்லது அதற்கு மேல் போனதைத்தான் டாம்கேட் பிழையாக எண்ணும். பதிவு தோற்றாலும் 200 என்று பதில் சொல்லும் சேவையில் பிழை பூஜ்யமாகவே காட்டும்.

தொலைவிலிருந்து படிப்பதற்காகக் கடவுச்சொல் இல்லாமல் ஜேஎம்எக்ஸ் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அதன் வழியே வெளியாள் எண்ணைப் படிப்பதோடு நிற்க மாட்டார், சர்வரையே கைப்பற்றலாம். கணக்கெடுக்கும் நிரலை அதே இயந்திரத்தில் ஓட்டி, எண்களை மட்டும் வெளியே அனுப்புவது பாதுகாப்பு.

பழகிப் பார்க்கச் செலவேதும் இல்லை. ஜேடிகேவுடன் வரும் ஜேகன்சோலைத் திறந்து, உங்கள் கணினியில் ஓடும் டாம்கேட்டை அதில் தேர்ந்தெடுங்கள். எம்பீன்கள் பகுதியில் 'கேட்டலினா' என்ற தலைப்பின் கீழ் இந்த எண்கள் எல்லாம் இருக்கின்றன.